முழுக்கைச் சட்டை

பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சென்னியப்பன் மடத்துக்கு வந்தார். மணிக்கட்டுப் பித்தானையும் விடாமல் பூட்டியிருந்தார். வேர்வை தாடையில் சொட்டியது.

நல்லாத்தாள் அம்மா மோர்ப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பழனிக்கு நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றும் மடம் அது. ஊரெல்லைக் கல்லுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அவரும் ஒரு காலத்தில் நடந்து போனவர்தான். திரும்பும்போது கால் வீங்கி இங்கே தங்கினார். வீக்கம் வடிந்தது, அவர் போகவில்லை. சென்னியப்பன் அவரைத்தான் குருவாக வைத்திருந்தார்; ஆனால் அவர் சென்னியப்பனைவிடப் பத்து வயதாவது இளையவர். அதனால் குரு சீடனை அண்ணா என்பார், சீடன் குருவை அம்மா என்பார். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது.

“உட்காருங்கண்ணா.”

“உட்கார நேரமில்லீங்கம்மா. ஒரு காப்பை அவுக்கோணும். பாவம் வராம அவுக்க வழி இருக்குதுங்களா?”

“யாரு கையில இருக்கற காப்பு?”

“நம்ம வீட்டுல வந்து தங்கியிருக்கற பெங்களூர் அம்மணி கையிலீங்க.”

கறிவேப்பிலை உருவிய கை நின்றது.

அந்த ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டால் வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு, அவ்வளவுதான். ஆனால் கட்டியவர், கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும் நாள்வரை எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. மீறினால் அம்மன் கோபமாக வந்து நிற்பது அந்த வீட்டு வாசலில்தான் என்பார்கள். பார்த்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

சென்னியப்பன் தன் தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருந்தார். முன்பெல்லாம் வந்தவர்கள் ஏசி இருக்கா, ஊட்டி எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்கள் ஏசியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். ஊட்டி வேண்டாம், உங்கள் ஊரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அதைக் காட்டுங்கள் என்கிறார்கள். அவரும் காட்டிக்கொண்டிருந்தார்.

“அவங்களேதான் கேட்டாங்க. ‘எல்லாமே நிஜமா இருக்கணும் அங்கிள், எனக்கும் கட்டி விடுங்க’ன்னு. கட்டி விட்டனுங்க.”

“இராத்தங்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?”

“சொல்லலீங்க.”

“ஏன்?”

“சொன்னா மூஞ்சி மாறிருமுங்க. அப்புறம் நெட்டுல போய் எழுதிப்போடுவாங்க, இந்த ஊர்ல இப்படியெல்லாம் பயமுறுத்தறாங்கன்னு.”

அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது.

“இன்னிக்குச் சாயங்காலம் அவங்களுக்கு ரயிலுங்க. காலையில அந்தக் கையோட கம்பத்துக்கிட்ட நின்னு போட்டோ எடுத்தாங்க, ஊரே பார்த்துருச்சு. பூசாரி என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க. அதுதான் மனசுக்குச் சரியாப் படலீங்க. மக நிறைமாசமா வீட்டுல இருக்கறா. ராத்திரி அவ புரண்டு படுத்தாக் கூட எனக்குத் தூக்கிப்போடுதுங்கம்மா.”

“என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?”

“நூலு நனைஞ்சுபோச்சு, வேற நல்லதாக் கட்டறேன்னு சொல்லிக் கழட்டிக்கறேன். நீங்க ஒரு மந்திரம் மட்டும் சொல்லிக் கொடுத்தீங்கன்னா போதும்.”

அம்மா உருவிய இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

“அந்த அம்மணிக்கு இதுவரைக்கும் என்னென்ன கொடுத்தீங்கண்ணா?”

“களி கொடுத்தனுங்க. பாயில படுக்க வெச்சேன். பக்கத்து ஊர்ல சொல்லி மாட்டுவண்டி கொண்டாந்தேன். டீவி மேல சேலையப் போட்டு மூடிட்டேன். கேஸ் அடுப்பு மாட்டுக் கொட்டாய்ல இருக்குதுங்க, மக அங்கதான் காப்பி போட்டுக்கறா.”

“பயத்தை?”

“எந்தப் பயமுங்க?”

“இங்க தூக்கிட்டு வந்திருக்கீங்களே, இது.”

சென்னியப்பன் விழித்தார்.

“ஊர்ல இல்லாத வண்டியெல்லாம் கொடுத்திருக்கீங்க. இருக்கற பயத்தை மட்டும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க. போய்க் கொடுத்துட்டு, அவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

மொபெட் போன வேகத்தில் மடத்து நாய் இரண்டு தடவை குரைத்தது.

வீட்டில் அந்தப் பெங்களூர்ப் பெண் யாமினி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல ஆரம்பித்ததும் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மடத்துக்கு வரும் வழி முழுவதும், “ஏன் அங்கிள் முதல்லயே சொல்லலை?” என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அவரால் முதுகைத்தான் காட்ட முடிந்தது.

மடத்தில் வந்து உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க.”

“சரி” என்றார் அம்மா.

“நாளைக்குக் காலையில அப்பாவுக்கு ஆபரேஷன். நான்தான் கையெழுத்துப் போடணும். போயே ஆகணும்.”

“போயிட்டு வாங்க.”

“இதைக் கழட்டிட்டுப் போகலாமா?”

அம்மா அவள் கையிலிருந்த நூலைப் பார்த்தார்.

“கழட்டாம போனா?”

அம்மாவின் பார்வை சென்னியப்பனின் மணிக்கட்டுப் பித்தானுக்குப் போனது. யாமினி இன்னொரு கையால் காப்பை மூடிக்கொண்டாள். காலையில் படத்துக்கு அழகாக இருந்த நூல்தான்.

“அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சென்னியப்பனுக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. தன் வீட்டுக் கவலையை இன்னொரு வீட்டுக்கும் பற்றவைத்துவிட்டோமே என்று பட்டது. “என்னாலதானுங்கம்மா எல்லாம்” என்றார்.

“அண்ணா, நடந்து வர்றவங்க வெயில் தாழறதுக்குள்ள வந்துருவாங்க. கையைக் கழுவிட்டு இந்த மோரைக் கலக்கிக் கொடுங்க. கரண்டி அடி வரைக்கும் எட்ட மாட்டேங்குது.”

இந்த நேரத்தில் மோரா என்று யாமினி பார்த்தாள். சென்னியப்பன் எழுந்து தொட்டிக்குப் போய் விரல் நுனிகளை நனைத்துக்கொண்டு வந்தார்.

“முழங்கை வரைக்கும் கழுவுங்கண்ணா. விரதம் இருக்கறவங்க குடிக்கறது.”

“சுத்தமாத்தானுங்க இருக்குது.”

“கையா, சட்டையா?”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் பித்தானைக் கழற்றினார். ஒரு கையை மடித்தார். இன்னொரு கையையும் மடித்தார்.

இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன.

யாமினிதான் முதலில் பார்த்தாள். “அங்கிள், வீட்டுக்கு ஒருத்தர் கட்டணும்னு சொன்னீங்க. உங்க கையில இல்லையே?”

“உங்க வீட்டுக் காப்பு எங்கண்ணா?” என்றார் அம்மா.

சென்னியப்பன் பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வீட்டுல கட்டிக்கறேன்னு பூசாரிகிட்ட என் பேரைச் சொல்லி வெத்தலையில வாங்கிட்டு வந்தனுங்க. சாமி மாடத்துல வெச்சிருந்தேன். அம்மணி பார்த்துட்டுக் கேட்டாங்க.”

“அதையா கட்டி விட்டீங்க?”

“வீட்டுக்கு ஒண்ணுதானுங்களே கொடுக்கறாங்க.”

“நீங்க ஏன் கட்டிக்கலை?”

“நாளன்னிக்குக் கோயமுத்தூர் ஏர்ப்போர்ட்டுல மூணு பேரு வந்து இறங்கறாங்க, நடுராத்திரி. நான்தான் கூட்டிட்டு வரோணும். அதுக்கு அடுத்தாப்பல இன்னொரு கூட்டம். திருவிழாவுக்குன்னே வர்றாங்க. காப்பைக் கட்டிக்கிட்டா ராத்திரியில நான் எப்படிங்க வெளிய கிடக்கறது?”

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

“கையைக் காட்டுங்க அம்மணி.”

யாமினி நீட்டினாள். அம்மா நூலை அறுக்கவில்லை. நகத்தால் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி அவிழ்த்தார். வெளியே நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவிழ்த்த நூலைச் சென்னியப்பனின் ஈரமான மணிக்கட்டில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டார்.

“அம்மன்கிட்டச் சொன்னது இவரு பேரை. நூலும் இவரோடது. நீங்க தைரியமாப் போய் அப்பாவைப் பாருங்க.”

“அவ்வளவுதானா?” என்றாள் யாமினி.

“மோர் ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்க. வெயிலு.”

அவள் குடித்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கறை இருந்தது. தேய்த்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். எப்போதும் கையில் இருக்கும் போன் பைக்குள்ளேயே இருந்தது. பெட்டியை எடுத்து வந்த ஆட்டோ எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு நிமிடம் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினாள்.

ஆட்டோ மறையும்வரை சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு அவர் கையில் புதிதாக உறுத்தியது. சட்டைக் கையை இறக்கிவிடப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

“அம்மா, அந்த மூணு பேரும் அசல் கிராமத்தைப் பார்க்கோணும்னு அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க. நான் போகலீன்னா எப்படிங்க வந்து சேருவாங்க?”

அம்மா கறிவேப்பிலையைப் பானையில் போட்டார்.

“வழி கேட்டு வந்துருவாங்கண்ணா. வந்து பார்க்கறப்ப ஊர்க்காரரு ஒருத்தராவது ஊர்ல இருக்கோணுமில்ல?”

சென்னியப்பன் மடித்த கையைப் பானைக்குள் விட்டு மோரைக் கலக்க ஆரம்பித்தார்.