செப்புத் தகடு தின்ற படகு

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இந்த வழக்கில் ஓர் ஊரே முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லித் தப்புப் பண்ணியிருக்கிறது.

கொண்டல்குப்பத்துக் கரைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பதற்கு முன்னால் செத்த படகுகளைத்தான் பார்ப்பார்கள். எல்லாம் உடைந்த பைபர் படகுகள். கொளுத்தினால் புகை தொண்டையை அடைக்கும். புதைத்தால் அடுத்த புயலில் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். காயலான் கடைக்காரர்கூட கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார். கலியமூர்த்திக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். "நம்ம படகு இந்தக் குப்பையில சேரக் கூடாது வேம்பு" என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேசவும் சண்டை போடவும் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

துறைமுகத்துப் பக்கம் ஜெயராயன் என்பவர் அலுமினியப் படகு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். ஜெயராயன் சரக்கைப் புகழாத வியாபாரி.

"இந்த உலோகம் மண்ணுலேர்ந்து பொறக்கறப்போ மலையைத் தோண்டும், கரண்டை ஆத்துத் தண்ணி மாதிரி குடிக்கும். அதை நான் மறைக்கல தம்பி. ஆனா பழசை உருக்கி மறுபடி தகடாக்க அதுல கொஞ்சம்தான் செலவு. நான் அந்தத் தகட்டுலதான் கட்டறேன். நீ ரொம்ப நாள் ஓட்டணும். கிழடானா என்கிட்டயே கொண்டா, இன்னொருத்தனுக்குப் படகாக்கலாம்."

படகை ஒப்படைத்தபோது ஒன்றே ஒன்று எச்சரித்தார். "செம்பு மட்டும் இதுல ஒட்டவே கூடாது. நடுவுல உப்புத் தண்ணி புகுந்தா செம்பு அப்படியே இருக்கும், இதுதான் கரையும்." கலியமூர்த்தி தலையாட்டினான். வேம்பு அன்று பட்டறைக்கு வந்திருக்கவில்லை.

கொண்டல்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு இறங்கும் நாளில் கோயிலில் பூசை வைத்த செப்புத் தகட்டை மனைவிதான் தன் கையால் படகின் முன்பக்க உள்ளடியில் பொருத்துவாள். போனவன் திரும்பி வரவேண்டும் என்ற வேண்டுதல் அது. படகு ஓடும் காலம் வரை அதை யாரும் கழற்ற மாட்டார்கள். மரப்படகு, பைபர் படகு எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது, ஒரு கெடுதலும் வந்ததில்லை. வேம்பும் மஞ்சள் பூசிய கையோடு தகட்டை வைத்துத் திருகாணி முடுக்கினாள். கலியமூர்த்தி பக்கத்தில் நின்று பார்த்தான். வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் இரவு அவன் தனியாகக் கடலுக்குப் போனான். காலையில் ஆளில்லாமல் படகு மட்டும் அலைந்துகொண்டிருந்ததை மற்றவர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. அடியில் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர். வலை பாதி ஏற்றிய நிலையில் விளிம்பில் தொங்கியது. சோற்றுத் தூக்கு திறக்கவில்லை. தண்ணீர் இறைக்கிற, வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேன் கட்டின முடிச்சு அவிழாமல் கொக்கியிலேயே காய்ந்து கிடந்தது. அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

செய்தி கேட்டு ஜெயராயன் வந்தார். தகட்டைக் கழற்றினார். அது பளபளவென்று முழுசாக இருந்தது. அதற்கு அடியில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. செம்பைப் பற்றிக் கலியமூர்த்தியிடம் தான் முன்பே எச்சரித்ததையும் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

வேம்பு கேட்டாள்: "அப்ப நான்தான் அவரைக் கொன்னுட்டேனா அண்ணே?"

இவளிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஜெயராயன் மனசு அவரையே குத்திக்கொண்டிருந்தது. "படகைக் குடும்மா, உருக்கிப் புதுசா கட்டலாம். அவரும் அதைத்தானே கேட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

"பண்ணின பாவம் என் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும். தர மாட்டேன்."

படகு பைபர் குப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கலியமூர்த்தி எது நடக்கக் கூடாது என்றானோ அதுவே நடந்தது. 'தகடு வைத்த கை' என்று ஊர் பேசியது. அவள் வாசலுக்கு யாரும் வருவதில்லை. சாயங்காலமானால் அவள் அந்தப் படகில் ஏறி உட்கார்ந்து அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள் என்பதைக்கூட அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இப்போது சொல்லுங்கள். அறியாமல் தகடு பொருத்தியவள் ஒருத்தி. அறிந்தும் பேசாமல் இருந்தவன் ஒருவன். அவனிடம் மட்டும் சொல்லி அவளிடம் சொல்லாமல் விட்டவர் ஒருவர். கலியமூர்த்தியின் சாவுக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: மூவரும் இல்லை. படகு கெட்டதற்கு வேண்டுமானால் கணவனின் மௌனத்தைச் சொல்லலாம், அதுவும் 'போனவன் திரும்புவானோ' என்ற அவள் பயத்தைக் கிளற மனமில்லாத மௌனம். ஆனால் அந்த ஓட்டை அவனைக் கொல்லவில்லை. தண்ணீர் ஏறிப் பயந்திருந்தால் எந்த மீனவனும் முதலில் எடுப்பது இறைக்கிற கேனைத்தான். அவன் அதைத் தொடவே இல்லை. வலை இழுக்கும்போது தவறி விழுந்திருக்கிறான், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கேனைப் பார்த்தது, ஒருவரும் யோசிக்கவில்லை. ஜெயராயனுக்கே சில மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஓடிவந்து சொன்னார். வேம்பு அழுது முடித்துவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, யாருக்காவது ஓடட்டும்" என்றாள். லாரி வந்து படகை ஏற்றிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அவள் பழக்கத்தில் கரைவரைக்கும் நடந்து வந்தாள். வைத்த குழம்பைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.