கதவருகே உட்கார்ந்த அமைச்சர்

மறுநாள் காலை யோகோஹாமாவிலிருந்து கப்பல். அமெரிக்காவோடு போர் வேண்டாம் என்று பேசப் போகிறவர் குரோயிவா. ஜப்பானின் முன்னாள் அமைச்சர், அறுபதைத் தாண்டியவர். வீட்டில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மனிதரோ கமகுராவில் ஒரு சின்ன மடத்தில், குரு மியோரென் அம்மையாரின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

உட்கார்ந்திருந்தார் என்று நான் சொல்வது மரியாதைக்காகத்தான். காலை மாற்றினார். எழுந்தார். தோட்டத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடமும் சரியில்லை. ஜப்பானில் பெரிய விருந்தாளிக்கு உள்சுவர் ஓரமாக இடம் கொடுப்பார்கள். கதவருகே உட்காருபவர் கடைசி ஆள். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. பேச்சுவார்த்தை மேசையில் யாருக்கு எந்த நாற்காலி என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டியவர் குரோயிவா. அவருக்குத் தெரியாதா? ஓடுவதற்குத் தோதாக இருக்கும் என்று கதவருகே இடம் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே தள்ளி உட்காருங்கள்" என்றார் அம்மையார்.

"இங்கேயே இருக்கிறேன்."

"சரி."

"ஹிரானோவைச் சுட்டுவிட்டார்கள், குருவே. என்னோடு சேர்ந்து சமாதானம் பேசியவர். சாப்பிட உட்கார்ந்தவரைப் போய்ச் சுட்டிருக்கிறார்கள். எல்லாம் இளம் ராணுவ அதிகாரிகள். நாட்டைக் காட்டிக்கொடுத்தவராம் அவர்."

"அடுத்தது நீங்களா?"

"அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்."

"பயமாக இருக்கிறதா?"

"இருக்கிறது. போகாதீர்கள் என்று மனைவி அழுகிறாள். நான் போகாவிட்டால் அங்கே போய்ப் பேச வேறு ஆள் இல்லை. போர் வந்தால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள். போகவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

அம்மையார் தேநீர் ஊற்றினார். குரோயிவா கோப்பையைத் தொடவில்லை.

வெளியே காலடிச் சத்தம். மடத்துப் பணிப்பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா, லெப்டினன்ட் ஹயாமி வந்திருக்கிறார். வாளை வாசலிலேயே வைத்துவிட்டார். அமைச்சரைப் பார்க்க வேண்டுமாம்."

காகிதக் கதவில் ஓர் ஆளின் நிழல் விழுந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தது.

குரோயிவாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "இவன்தான்" என்று கிசுகிசுத்தார். "கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தியவன். வாளை வைத்துவிட்டான் சரி, துப்பாக்கி?"

"நான் சோதித்துப் பார்க்கவில்லை."

"திருப்பி அனுப்பிவிடுங்கள்."

"இவரிடம் நீங்கள் எப்போதாவது பேசியதுண்டா?"

"இவனிடம் பேச என்ன இருக்கிறது?"

"அமெரிக்கர்களிடம் பேச இருக்கிறதா?"

"அது வேறு, குருவே."

"ஓகோ" என்றார் அம்மையார். இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தார். "பின்பக்கம் ஒரு வழி இருக்கிறது. மூங்கில் தோப்பைத் தாண்டினால் ரயில் நிலையம். நீங்கள் போனால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்."

குரோயிவா பாதி எழுந்துவிட்டார்.

கதவுக்கு அப்பால் இருமல் சத்தம். பிறகு ஒரு குரல், எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக.

"ஐயா, உள்ளே வரலாமா?"

நிழல் அசையாமல் காத்திருந்தது. அம்மையார் கைகளை மடியில் கோத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நீங்கள் திறக்கக் கூடாதா?" என்றார் குரோயிவா. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

"கதவருகே இருப்பது நான் இல்லையே."

அமைச்சர் பின்வாசலைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். கடைசியில் மண்டியிட்டு, கதவின் சட்டத்தில் கையை வைத்தார்.

திறக்காமலே திரும்பி, "திறந்ததும் இவன் சுட்டுவிட்டால்?" என்று கேட்டார்.

அம்மையார் சொன்னார்: "கடலுக்கு அந்தப் பக்கம் உங்களுக்காக ஒருவர் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். அவரும் உங்களைப் பற்றி இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்."