தேங்காய் உடைத்த கவ்வி

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு இந்தக் கதையில் வேலை ஒன்றும் இல்லை. அரசன் இல்லாமல் தொடங்கினால் நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள் என்பதற்காகச் சொன்னேன். அவன் அரண்மனையில் சுகமாக இருக்கட்டும். நாம் அவன் நாட்டின் தென்கோடியில் இருந்த எள்ளுக்குறிச்சிக்குப் போவோம்.

எள்ளுக்குறிச்சியில் எல்லோருக்கும் ஒரே தொழில், செக்காட்டுவது. எள்ளைப் பிழிவார்கள், தேங்காயைப் பிழிவார்கள், புன்னைக்கொட்டையைப் பிழிவார்கள். எதைக் கையில் எடுத்தாலும் இதை அழுத்தினால் என்ன வரும் என்றுதான் அவர்களுக்கு முதலில் தோன்றும். அதிகம் அழுத்தினால் அதிகம் வரும். இதற்கு மேல் ஒரு ஞானம் உலகத்தில் இருக்கிறது என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் குழந்தை பிறந்தால் கொல்லையில் ஒரு பலாக்கன்று நடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தால் அந்த மரத்தை வெட்டி, பெண்ணைப் பெற்றவன் தன் கையாலேயே ஊஞ்சல் பலகை செய்ய வேண்டும். தச்சரை வைத்துச் செய்தால் செல்லாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் அதில் உட்கார்ந்து பார்ப்பார். பலகை தாங்கினால் மணமக்கள் உட்காருவார்கள். பலகை பிளந்தால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஆவுடையான் என்று ஒரு செக்குக்காரன். அவனுக்கு வடிவு என்று ஒரே மகள். நெடுங்கரையைச் சேர்ந்த கூத்தனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று வடிவு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எள் புடைக்கும்போது பாட ஆரம்பித்திருந்தாள். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கூத்தனின் தாய்மாமன் பெயர் பூதத்தான். பெயருக்குத் துரோகம் செய்யாத உடம்பு. அவர் வண்டியில் ஏறினால் மாடுகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கும்.

வடிவுக்காக நட்ட பலா நிழலில் நின்று மெலிந்தே வளர்ந்த மரம். அறுத்துப் பார்த்தபோது மூன்று பலகைதான் தேறியது. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்கூட இல்லை. மூன்றையும் பக்கவாட்டில் வச்சிரப் பசை தடவி ஒட்டினால்தான் ஆள் உட்காரும் அகலம் வரும். பசை காயும் வரை பலகைகள் விலகாமல் சேர்த்துப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். அதற்குக் கவ்வி என்று பெயர். ஆவுடையானின் கொல்லைக் கொட்டகையில் உளி இருந்தது, ரம்பம் இருந்தது, இழைப்புளி இருந்தது. கவ்வி மட்டும் இல்லை.

ஆகவே அப்பனும் மகளும் சந்தைக்குப் போனார்கள். அங்கே மூன்று பேர் கவ்வி விற்றார்கள்.

முதல் கடைக்காரன் எள்ளுக்குறிச்சியின் குணம் தெரிந்தவன். அவனுடைய கவ்வி வெண்கலத்தால் ஆனது. கைப்பிடியில் யானை முகம் செதுக்கியிருந்தது. கவ்வியின் வாயில் ஒரு தேங்காயை வைத்துத் திருகினான். தேங்காய் படீரென்று உடைந்தது. கூட்டம் முழுவதும் கைதட்டியது.

இரண்டாவது கடைக்காரனுடையது இரும்புக் கவ்வி. அவன் ஒரு விளாம்பழத்தை வைத்துத் திருகினான். விளாம்பழம் உடைந்தது. பாதிக் கூட்டம் கைதட்டியது.

மூன்றாவது ஒரு பெண்பிள்ளை. சாக்கை விரித்து மரக் கவ்விகளைக் குவித்து வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஒரு சட்டம், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு முளை, செருகித் தட்ட ஓர் ஆப்பு, அவ்வளவுதான் அவளுடைய கவ்வி. இது எதை உடைக்கும் என்று ஆவுடையான் கேட்டான். ஒன்றையும் உடைக்காது என்றாள். பாக்கையாவது உடைக்குமா என்று கேட்டான்.

"பாக்கும் உடைக்காது. வேணும்னா வெத்தல நழுவாமப் பிடிக்கும்" என்றாள் அவள்.

கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வியாபாரம் ஆகவில்லை என்ற கவலை அவளுக்கு இருந்திருக்கலாம். அது முகத்தில் தெரியவில்லை.

வடிவு மெதுவாகக் கேட்டாள். "யப்பா, நாம என்னத்த உடைக்கப் போறோம்?"

"சும்மா இரு தாயி. தேங்காயையே இந்தப் பாடு படுத்துதுன்னா பலகையெல்லாம் எம்மாத்திரம்" என்றான் ஆவுடையான். கல்யாணச் சமையலுக்கு எடுத்து வைத்திருந்த எண்ணெயில் பாதியைக் கொடுத்து யானை முகக் கவ்வியை வாங்கினான். ஒன்றுதான் வாங்க முடிந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு, நேர் வழியில் வராமல், எல்லாத் தெருவையும் சுற்றி வீட்டுக்கு வந்தான்.

பலகைகளில் பசை தடவி, அடுக்கி, நட்டநடுவில் கவ்வியைப் பூட்டித் திருகினான். இடுக்குகளில் பசை துளிர்த்தது. மேலும் திருகினான். பசை வழிந்தது. இன்னும் திருகினான். பசை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஆவுடையானுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்களும் வந்து பார்த்து, இவ்வளவு சின்னப் பலகையில் இவ்வளவு வருகிறதே என்று மெச்சினார்கள். பிடித்து வைக்கப் பாத்திரம் கொண்டு வரட்டுமா என்று அவன் மனைவி கேட்டாள். அது கேலியா அக்கறையா என்று அவனுக்கு விளங்கவில்லை.

காய்ந்த பிறகு கவ்வியைக் கழற்றினான். பலகைகளின் நடுப்பகுதி ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இரண்டு முனைகளிலும் விரல் நுழையும் இடைவெளி. தூக்கிப் பார்த்தான். மூன்று பலகையும் மூன்று பக்கம் விழுந்தன.

போன தரம் அழுத்தியது போதவில்லை என்று ஆவுடையான் முடிவு செய்தான். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். மறுபடி பசை தடவினான். இந்த முறை இடைவெளி விட்ட முனையில் கவ்வியைப் பூட்டினான். கைப்பிடியில் ஒரு நீண்ட கழியைக் கட்டி, கழியில் செக்கு மாட்டைப் பூட்டினான். மாட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சுற்றுவது. அது சுற்றியது. பசை வழிந்தது. இன்னும் சுற்றியது. பலகை முனகியது. நிறுத்து என்று ஆவுடையான் சொல்வதற்குள் அது இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. பலகைகளின் முனை ஒரு முழத்துக்குப் பிளந்து போயிற்று.

ஆவுடையான் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேறு மரம் கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து ஊரெல்லாம் அழைத்தாகிவிட்டது. மாடு மட்டும் வேலை முடிந்தது என்று நினைத்து வைக்கோலுக்குப் போனது.

அன்றைக்கு வடிவு பாடவில்லை. செக்கின் மறைவில் போய் நின்று அழுதாள். கூத்தன் வீட்டு வண்டிகள் திரும்பிப் போவதை நினைத்து அழுதாள். தன் மரம் இப்படிக் கிடப்பதைப் பார்த்து அழுதாள். அப்பனைத் திட்டவும் மனம் வராமல் அழுதாள்.

அழுது முடித்ததும் பலகைகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கவ்வி அழுத்திய இடத்தில் பசையின் சுவடே இல்லை. அவ்வளவு பசையும் கீழே விழுந்து தரையில் கெட்டியாகிக் கிடந்தது. அப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யப்பா, எண்ணெய் வெளிய வந்தா நமக்கு லாபம். பசை வெளிய வந்துட்டா உள்ள என்ன இருக்கும்?"

ஆவுடையான் தரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், கவ்வியைப் பார்த்தான்.

மறு சந்தைக்கு வடிவு தனியாகப் போனாள். ஒரு கூடை பிண்ணாக்கும், மண்ணில் செய்த அகல் விளக்கு மூன்றும் கொண்டுபோனாள். முதல் கடைக்காரனிடம் ஓர் அகலைக் கொடுத்து, இதை உடைக்காமல் பிடித்துக் காட்டச் சொன்னாள். அவன் பழக்க தோஷத்தில் திருகினான். அகல் நொறுங்கியது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது கடைக்காரனிடம் இரண்டாவது அகலைக் கொடுத்தாள். முன்னவன் கதியைப் பார்த்திருந்ததால் அவன் பயந்து பயந்து திருகினான். அகல் நழுவி விழுந்து உடைந்தது. பாதிக் கூட்டம் கைதட்டியது.

மூன்றாவது அகலை அந்தப் பெண்பிள்ளையிடம் கொடுத்தாள். அவள் அதை முளையோடு சேர்த்து வைத்து, ஆப்பைச் செருகி லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். வடிவு சட்டத்தைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். அகல் விழவும் இல்லை, உடையவும் இல்லை. ஒன்றும் உடையாததால் யாரும் கைதட்டவில்லை.

பலகையின் இரண்டு முனைக்கும், நடுவுக்கும், இடைப்பட்ட இடங்களுக்கும் வருமாறு ஒரு கட்டுக் கவ்வி வேண்டும் என்று வடிவு கேட்டாள். விலையாகக் கூடைப் பிண்ணாக்கைக் கொடுத்தாள். வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது, பிண்ணாக்குத்தான் இப்போது பொன் என்று சொல்லி அந்தப் பெண்பிள்ளை சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் வடிவு முதலில் பிளந்த முனையை அறுத்துத் தள்ளச் செய்தாள். பலகை ஒரு முழம் குறைந்தது. பிறகு அப்பனுடைய கையைச் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வைத்தாள். வழக்கத்தை மீறக் கூடாது என்பதால் பசை தடவியதும் ஆப்பைத் தட்டியதும் ஆவுடையான்தான். எப்போது நிறுத்துவது என்று சொன்னது மட்டும் வடிவு. மேலே ஒரு கவ்வி, கீழே ஒரு கவ்வி என்று மாற்றி மாற்றி நெடுகப் பூட்டினார்கள். இடுக்கில் பசை கடுகு கடுகாக வரிசையாகத் துளிர்த்ததும் போதும் என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தட்டு, தாயி" என்றான் ஆவுடையான்.

வடிவு ஆப்பின்மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். பசை காயும் வரை அந்தப் பக்கம் போகாமல் இருக்க அவன் பட்ட பாடு பெரிய பாடு. செக்கடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாண நாள் வந்தது. ஊஞ்சல் தொங்கியது. பலகை குட்டையாக இருக்கிறதே என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். பூதத்தான் எழுந்து வந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார், பலகையை ஒரு தட்டுத் தட்டினார், உட்கார்ந்தார். உத்தரம் முனகியது. சங்கிலி முனகியது. பந்தலில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். பலகை மட்டும் சத்தமே போடவில்லை.

பூதத்தான் காலால் உந்தி ஆடிப் பார்த்தார். வெற்றிலை கொண்டு வரச் சொன்னார். இறங்கும் எண்ணமே அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கொல்லைப் பக்கம் பார்த்தபோது கொட்டகையில் மாட்டியிருந்த யானை முகக் கவ்வி கண்ணில் பட்டது.

"அந்தக் கவ்வி வச்சா செஞ்சீரு? அதான் பலகை கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

ஆவுடையான் கவ்வியைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொடுத்த எண்ணெய்க்கு அந்தப் பெருமையாவது மிஞ்சும். அவன் வாய் திறந்தது. ஆப்பின்மேல் மகள் வைத்த கை அவன் நினைவுக்கு வந்தது.

"இல்லீங்க. அது தேங்கா உடைக்கிறதுக்கு வாங்கினது. இது எம்மக பிண்ணாக்குக் குடுத்து வாங்கின மரக் கவ்வியில சேந்தது" என்றான்.

பூதத்தான் அவனையும் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கி, மணமக்களை உட்காரச் சொன்னார். பலகை ஒரு முழம் குறைந்துபோனதால் இருவரும் நெருங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது. கூத்தன் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஊஞ்சல் ஆடியபோது எள்ளுக்குறிச்சிப் பெண்களோடு வடிவும் சேர்ந்து பாடினாள். மணப்பெண்ணே பாடலாமா என்று நெடுங்கரைக் கிழவிகள் கேட்டார்கள். பிறகு அவர்களும் பாடினார்கள்.

ஆவுடையானின் மனைவி அன்றைக்கே யானை முகக் கவ்வியை அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள். பந்தி முழுவதற்கும் துவையலுக்கான தேங்காயை அதுதான் உடைத்தது. அதற்கு அதுதான் சரியான வேலை. அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான், நீதி இதுதான்: சேர்த்து வைக்க வேண்டிய இடத்தில், உடைக்க வல்ல ஒரு பெரும்பிடியைவிட, அளவறிந்து நிறுத்தும் பல எளிய பிடிகளே மேலானவை.