சுடலையின் முதுகுக்கு மூன்று தரம்

முதுகெலும்புக் காசநோயை ஐந்து தரமாகப் பிரித்து, அந்தப் பிரிப்புக்குத் தன் பெயரையே சூட்டிய மகான் பெரிய டாக்டர் தில்லைநாயகம். இரண்டாம் தரத்துக்கு மாத்திரை, நாலாம் தரத்துக்குக் கத்தி. அவர் கணிப்பு தப்பவே தப்பாதாம், சொன்னவரும் அவரேதான்.

எக்ஸ்ரே படம் எடுத்துக் கொடுக்கும் ஊழியர் பேச்சியம்மாள் ஒருநாள் அவரிடம் கேட்டே விட்டாள்: "மூட்டை தூக்குற சுடலைக்குப் போன வாரம் மாத்திரைன்னீங்க. இன்னைக்கு அதே படத்தைப் பாத்துட்டு ஆபரேஷன்னு சொல்றீங்களேய்யா?"

பெரிய டாக்டர் சீறினார்: "நான் சொல்ற தரம் தப்புன்னு எல்லா டாக்டருங்க முன்னாடியும் காட்டு. முடியலைன்னா நாளையிலேருந்து உனக்குப் பிணவறை வேலை!"

மறுநாள் காலை, நோயாளிகளின் பெயர்களைப் பிளாஸ்திரியால் மறைத்து, படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டினாள். பெரிய டாக்டர் ஏலக்காரர் மாதிரி தரங்களைக் கூவினார். முதல் படம் இரண்டாம் தரம், நடுவில் ஒன்று நாலாம் தரம், கடைசிப் படம் முதல் தரம். பின்னால் நின்ற டாக்டர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

பேச்சியம்மாள் கடைசிப் படத்தின் பிளாஸ்திரியை உரித்தாள். சுடலையின் பெயர்.

"முதல்ல, நடுவுல, கடைசியில மாட்டுனது இதே படம்தான்யா. மூலையில நீங்க சிந்துன காபிக் கறை எல்லாருக்கும் தெரிஞ்சுது, உங்களுக்குத்தான் தெரியலை. சுடலைக்கு இருக்கிறது ஒரு முதுகு. அதுல எந்தத் தரத்தை வெட்டப் போறீங்க?"