பத்தில் எத்தனை

பொதிகை அடிவாரத்து வைத்திய மடத்தில் திருமேனி சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவான செங்கமலத் தாய்க்கு முப்பத்தைந்து. அதுவரை ஊர் ஊராக நிலம் அளந்து வந்தவர் திருமேனி. அளவுச் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டார், அளக்கும் புத்தியை மட்டும் வைக்க முடியவில்லை. போதாததற்கு, ஓர் இடத்தில் கால் தரிக்காத மனிதர்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சும் நரம்புத் தைலம் அந்த மாதம் இறங்கியிருந்தது. ஒரே ஒருவருக்குத்தான் காணும். பத்து நாளில் வீரியம் போய்விடும். தேவைப்பட்டவர்களோ இரண்டு பேர். பனையிலிருந்து விழுந்து, இரண்டு காலும் விளங்காமல் பன்னிரண்டு வருஷமாக மடத்திலேயே கிடக்கும் தங்கையா ஒருவர். தைலம் பிடித்தால் அவர் ஒரு காலையாவது ஊன்றிவிடுவார். மூன்று மாதமாக முழங்கால் மடங்காத ஜவுளிக்கடைச் சிவந்திப்பெருமாள் இன்னொருவர்.

யாருக்கு என்று முடிவு செய்வதைத் தாய் திருமேனியிடம் விட்டுவிட்டார். அவர் உடனே ஓர் அளவுகோல் தயார் செய்துகொண்டார். உமக்கு இன்னும் பத்து வருஷ ஆயுசு என்று வைத்துக்கொள்ளும், கால் சரியாவதற்கு அதில் எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீர்?

சிவந்திப்பெருமாள் யோசிக்காமல் ஏழு என்றார். தங்கையாவின் நிலைமை தங்களுக்கு வந்தால் என்னவென்று சந்தையில் கேட்டபோது, பெரும்பாலும் எல்லாருமே ஒன்பது என்றார்கள். வெற்றிலைக்காரர் ஒருவர், அப்படிக் கிடப்பதும் ஒரு பிழைப்பா, பத்தும் போகட்டும் என்றார்.

தங்கையா மட்டும் சிரித்தார். முழங்காலை இரண்டு கையாலும் நீவிக்கொண்டே, "எதுக்குய்யா குடுக்கணும்? பத்துப் பங்குனி உத்திரம் வருமே, ஒண்ணக்கூட விடமாட்டேன். காலு கெடக்கட்டும், பரவாயில்ல" என்றார்.

திருமேனி அவர் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார். அதிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. நோயாளிகள் சொன்னதை வைத்துப் பார்த்தால் தைலம் ஜவுளிக்கடைக்கு. ஊரார் சொன்னதை வைத்துப் பார்த்தால் தங்கையாவுக்கு. முற்றத்தில் நடையாய் நடந்து, இரண்டாம் நாள் தாயிடம் போய் நின்றார்.

"ஊரு ஒம்பதுங்கு. அவரு ஒண்ணுமே இல்லைங்காரு. யாரு பேச்ச நம்புறது தாயே?"

"உம்மக் கேட்டுப் பாத்தீரா?"

"எனக்கென்ன, காலு நல்லாத்தான இருக்கு."

தாய் எழுந்து போய் மூங்கில் பத்தை கொண்டுவந்தார். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுவதுபோலத் திருமேனியின் வலது காலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வைத்துக் கட்டினார். நான் வந்து சொல்லும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். தைலத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

நின்றால் இழுத்தது, உட்கார்ந்தால் இடித்தது. நடந்தே பழகிய மனிதருக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷத்தைத் தந்துவிடுகிறேன், அவிழ்த்துவிடுங்கள் என்று தாய்க்குச் சொல்லியனுப்பினார். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் தங்கையா நகர்ந்து நகர்ந்து அவரிடம் வந்தார். கையை எங்கே ஊன்றி இடுப்பை எப்படித் தூக்கிப் போடுவது, எந்தப் படியில் பின்பக்கமாக இறங்குவது, அம்மியை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். "இத்தன வருசம் சங்கிலிய வச்சு அளந்தீரு, இப்பத்தான் நெலத்தத் தொட்டு அளக்கீரு" என்று கேலி வேறு. திருமேனிக்கும் சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் சிரிப்பு இருக்கும் என்று தான் நினைத்ததே இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் உட்கார்ந்தபடியே சூரணம் இடித்தார். ஏழாம் நாள் கட்டு இருப்பதையே மறந்து மதியம் வரை வேலை செய்தார். ஊரார் சொன்ன ஒன்பது சுத்தப் பேத்தல் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. அப்படியென்றால் தங்கையாவின் பூஜ்யம்தான் சரி. அவருக்குத் தைலம் எதற்கு? ஜவுளிக்கடைக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஆனாலும் மனசு ஏனோ அமரவில்லை.

எட்டாம் நாள் காலையில் சிவந்திப்பெருமாளின் வண்டி வாசலில் வந்து நின்றது. திருமேனி கடுக்காய்க்குக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். தாய் தைலக் குடுவையோடு வந்தார்.

"காலு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல தாயே."

"பத்துல எத்தன குடுப்பீரு?"

"எதுக்குக் குடுக்கணும்? பழகிப்போச்சு."

"அப்பம் கட்டு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தாய் திரும்பி நடந்தார்.

கடுக்காய்கள் தரையில் உருண்டன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் திருமேனி குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கையும் முடிச்சின்மேல் இருந்தன, ஒரு சுற்று அதற்குள் அவிழ்ந்தும் விட்டிருந்தது.

தாய் நின்று அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு குடுவையை அவர் பக்கத்தில் வைத்தார்.

"தங்கையா பரவாயில்லன்னு சொன்னாரே, அப்பம் அவரு கை எங்க இருந்திச்சு?"

முழங்காலை நீவிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளும் திருமேனியின் கண்முன் வந்தன.