வேலாண்டி இறக்கி வைத்த வாழைத்தார்கள்

ஆனைமேட்டுக் காட்டில் வேலாண்டி என்றொரு குரங்கு மின்சாரக் கார் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதற்குக் கால் தரையில் பாவவில்லை!

கரடி தன் பெட்ரோல் காரை நிதானமாக ஓட்டும். நரி தன் ஹைபிரிட் காரை அதைவிட நிதானமாக ஓட்டும். "பெட்ரோல் போடுகிறவங்களுக்குத்தானப்பா சிக்கனம்! எனக்கெதுக்கு?" என்று இளித்துக்கொண்டே வேலாண்டி இரண்டையும் முந்திப் பாயும். வளைவு வந்தால் சடக்கென்று பிரேக்! காரின் கூரைமேல் எப்போதும் நான்கு வாழைத்தார்கள். வழியில் பசித்தால் என்ன செய்வதாம்?

ஒரு நாள் மத்தியானம் செம்பி என்ற முயல் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"அண்ணே! குட்டிக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கண்ணே திறக்க மாட்டேங்குது. மலைக்கு அந்தப் பக்கம் கொக்கு வைத்தியர்கிட்ட போகணும்!"

"ஏறு தங்கச்சி! பறந்துடலாம்!"

பறக்கத்தான் செய்தது. ஆனால் பாதி மலை ஏறுவதற்குள் பேட்டரியில் பன்னிரண்டு சதவீதம்தான் மிச்சம். சார்ஜ் ஏற்ற வழியில் ஓர் இடமும் இல்லை. வேலாண்டி, சீக்கிரம் போய்விடலாம் என்று இன்னும் ஓங்கி மிதித்தது.

"நீங்க மிதிக்க மிதிக்க அந்த எண் மளமளன்னு இறங்குதே அண்ணே!" என்று செம்பி அழுதது.

வேலாண்டி காரை நிறுத்தியது. குட்டியைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. நான்கு தார்களையும் இறக்கிச் சாலையோரம் வைத்தது. அது எவ்வளவு பெரிய துக்கம் என்று குரங்குகளுக்குத்தான் தெரியும்! பிறகு ஏசியை அணைத்துவிட்டு, மெல்ல, ஒரே சீராக மிதித்தது.

உச்சியை எட்டியபோது மூன்று சதவீதம் இருந்தது. இறக்கத்தில் வேலாண்டி மிதியிலிருந்து காலை எடுத்தது. கார் தானாகவே வேகத்தை அடக்கி, அந்த வேகத்தையே மின்சாரமாக்கிப் பேட்டரியில் ஏற்றிக்கொண்டு உருண்டது. எண் நான்கானது. ஐந்தானது!

"ஏறுது அண்ணே, ஏறுது!"

கொக்கு வைத்தியர் குட்டிக்கு மருந்து புகட்டினார். "நல்ல வேளை! பொழுது சாய்ந்து வந்திருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்றார்.

கொஞ்ச நேரத்தில் குட்டி கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது!" என்றது. செம்பி அதை வாரி அணைத்துக்கொண்டது. வேலாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அங்கேயே ஒரு குட்டிக்கரணம் போட்டது.

பெட்ரோல் காரோ, ஹைபிரிட் காரோ, மின்சாரக் காரோ, நிதானமாக ஓட்டுகிறவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.