தலைவருக்கு எறிந்த பந்து

ஒரு காட்டில் ஆற்றுக்குக் கரைகள் இரண்டு. கோடையில் தண்ணீர் நிற்கும் மடுவோ ஒன்றே ஒன்று. அதில் யார் முதலில் குடிப்பது என்று வடகரையும் தென்கரையும் ஒரு காலத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. பிறகு அந்த வழக்கை ஒரு பந்தாட்டத்தில் தீர்த்துக்கொள்ளப் பழகின.

ஆட்டம் எளிதானது. ஒரு கரையின் விலங்கு விளாங்காயை எறியும். மறுகரையின் விலங்கு அதை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு மரங்களைச் சுற்றி ஓடித் திரும்ப வேண்டும். மாசி மாதம் முழுக்க ஆட்டம் நடக்கும். வென்ற கரை கோடை முடியும்வரை விடியலில் தெளிந்த நீரைக் குடிக்கும். தோற்ற கரைக்கு, மற்றவர்கள் இறங்கிக் கலக்கிய சேறுதான்.

சென்ற கோடையில் தென்கரை சேற்றைத்தான் குடித்தது. மந்தியின் குட்டி அதனால் வயிறு வீங்கிப் படுத்தது. மழை வந்த பிறகே எழுந்து உட்கார்ந்தது.

தென்கரை அணிக்குப் பந்து எறிவது இந்த மந்திதான். அதிகம் பேசாது. கூட்டத்தில் யாராவது கூப்பிட்டால் இலைகளுக்குப் பின்னால் நகர்ந்துகொள்ளும். ஆனால் இந்த ஆண்டு எப்படியும் வென்றாக வேண்டும் என்று அதன் நெஞ்சுக்குள் ஒரு கங்கு கனன்றுகொண்டிருந்தது.

பயிற்சி தொடங்கிய அன்று அணியின் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் நரி மெல்ல அதன் அருகே வந்தது.

"மந்தியக்கா, தலைவருக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். முதல் நாளே அவர் மனம் நோகக் கூடாது."

தலைவர் என்று அது சொன்னது காட்டெருமையை. உடம்பு முழுக்க வலிமை. அந்த வலிமையைவிடப் பெரிது அதன் பெருமை. மந்தி மெதுவாக எறிந்தது. காட்டெருமை மட்டையை வாயில் கவ்வி ஒரே வீச்சாக வீசியது. பந்து நாவல் மரத்தின் உச்சியைத் தாண்டிப் போனது. மைனாக்கள் ஆர்ப்பரித்தன.

மறுநாளும் நரி வந்து அதையே சொன்னது. அதற்கு மறுநாளும் சொன்னது. பிறகு சொல்லக்கூடத் தேவையில்லாமல் போயிற்று.

பந்து எப்போதும் மரத்துக்கு மேலே பறந்ததால், ஓடிப் பழக வேண்டும் என்று எந்த விலங்குக்கும் தோன்றவில்லை. பந்தைப் பிடித்துப் பழகவும் தோன்றவில்லை. மாலைதோறும் ஆலமரத்தடியில் நரி பேசியது. இப்படி ஓர் அணி தென்கரைக்கு இதுவரை வாய்த்ததில்லை என்றது. வடகரை ஆட வருவதே சந்தேகம் என்றது. அதைக் கேட்டு முயல் தன் வளையை மடுவின் ஓரத்துக்கே மாற்றிக்கொண்டது. மடுவில் யாருக்குப் பக்கத்தில் யார் நின்று குடிப்பது என்று காட்டுப்பன்றிகள் இப்போதே சண்டை போட்டன. அடித்த அடியை எல்லா விலங்குகளும் பார்த்தன. எறிந்தது எப்படி என்று ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் மந்தியின் குட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டது: "அம்மா, இந்த வருடம் நாம்தான் முதலில் குடிப்போமாமே? நரி மாமா சொன்னார்."

மந்தி குட்டியின் வயிற்றைத் தடவிக்கொடுத்தது. அந்தப் பொய்யில் தன் கையும் அல்லவா இருக்கிறது!

அன்று களத்தில் மந்தி தன் முழுப் பலத்தோடு எறிந்தது. விளாங்காய் விர்ரென்று வந்தது. காட்டெருமை மட்டையை வீசியது. பந்து போய் வெகுநேரம் கழித்து வீசியது என்றுதான் சொல்ல வேண்டும். வீசிய வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டது. எங்கோ ஓர் அணில் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது.

நரி ஓடி வந்து, தலைவரின் கண்ணில் வெயில் பட்டுவிட்டது என்றது.

காட்டெருமை எழுந்து உடம்பை உதறியது. "இது பந்து எறிவதா? பகை தீர்ப்பது" என்றது.

அன்றே மந்தியை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன் இடத்தில் ஆமை வந்தது. ஆமை பந்தை மூக்கால் உந்திவிடும். பந்து புல்லில் உருண்டு வந்து தலைவரின் காலடியில் நிற்கும். நின்ற பிறகு தலைவர் அடிப்பார். மைனாக்கள் முன்னைவிடப் பலமாக ஆர்ப்பரித்தன.

காட்டுப்பன்றிகள் மந்திக்கு வயிற்றெரிச்சல் என்றன. நல்லது நடக்கப் போகும் நேரத்தில் அபசகுனம் மாதிரி நடந்துகொண்டாயே என்று முயல்கூடக் கடிந்துகொண்டது. சென்ற கோடையில் மந்தியின் குட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது இந்த முயலின் குட்டிகள்தாம். உள்ளதைக் காட்டியவள் பகையாளி, ஊரை ஏமாற்றுகிறவன் உறவா? மந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அன்று மாலை அது முதன்முறையாகக் கூட்டத்தின் நடுவே இறங்கி வந்தது.

"நரியண்ணா, நான் செய்தது தவறு. நம் தலைவரின் பெருமையை நாம் மட்டும் பார்த்தால் போதுமா? வடகரைக்குப் பந்து எறியும் கரடியையும் வரவழைப்போம். அதுவே ஒரு பந்து எறிந்து பார்க்கட்டும். தலைவர் அடிக்கிற அடியில் இந்த ஆண்டு ஆட்டமே வேண்டாம் என்று ஓடிவிடும்."

கூட்டம் குதூகலித்தது. காட்டெருமை திமிலை நிமிர்த்திக்கொண்டது. நரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால், அத்தனை நாள் பேசியது என்ன ஆவது? அதுவும் தலையை ஆட்டிவைத்தது.

மறுநாள் வடகரைக் கரடி ஆற்றைக் கடந்து வந்தது. சூதுவாது அறியாத கரடி. அழைத்தார்களே என்று கொஞ்சம் தேன்கூட எடுத்து வந்திருந்தது. வணக்கம் சொல்லிவிட்டுப் பந்தை எறிந்தது.

காட்டெருமை மட்டையைத் தூக்குவதற்குள் பந்து பின்னால் இருந்த புதரில் கிடந்தது. அடுத்த பந்தையும் காணவில்லை. அதற்கடுத்த பந்துக்கு மட்டையே வாயிலிருந்து நழுவி ஆற்றில் போய் விழுந்தது.

கரடிக்கு மனம் சங்கடப்பட்டது. எருமைக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு அன்பாகக் கேட்டது:

"அண்ணே, கொஞ்சம் மெதுவாகப் போடட்டுமா?"

"ஆமாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்" என்றது காட்டெருமை, பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் சொன்னது அதற்கே கேட்டது. கூட்டத்துக்கும் கேட்டது. முயல் நரியைப் பார்த்தது. காட்டுப்பன்றிகளும் நரியைப் பார்த்தன. கரடி ஒன்றும் புரியாமல் தேனை ஓர் இலையில் வைத்துவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட்டது.

நரி தொண்டையைக் கனைத்தது. அது வாயைத் திறப்பதற்குள் மந்தி பேசிவிட்டது.

"பேசாதே. நீ பேசிப் பேசி வென்ற ஆட்டத்துக்கு மடுவில் ஒரு வாய்த் தண்ணீரும் கிடைக்காது. கோடையில் சேற்றைக் குடிக்கப் போவது உன் பேச்சு அல்ல, எங்கள் குட்டிகள். மாசி இன்னும் பிறக்கவில்லை. ஓட வேண்டியவர்கள் ஓடுங்கள், பிடிக்க வேண்டியவர்கள் வந்து நில்லுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. எல்லாம் காட்டெருமையையே பார்த்துக்கொண்டிருந்தன. அது தலையைத் தொங்கப்போட்டபடி ஆற்றில் இறங்கியது. நனைந்த மட்டையைத் தானே கவ்விக்கொண்டு வந்து தரையில் வைத்தது.

"போடு, தங்கச்சி. முகம் பார்க்காமல் போடு" என்றது.

மந்தி எறிந்தது. பந்து விர்ரென்று போனது. மறுபடி எறிந்தது, மறுபடியும் போனது. யாரும் சிரிக்கவில்லை. முயல் ஓடிப் போய்ப் பந்துகளை எடுத்து வந்து கொடுத்தது. காட்டுப்பன்றிகள் மரங்களைச் சுற்றி மூச்சிரைக்க ஓடின.

பொழுது சாய்வதற்குச் சற்று முன், ஒரே ஒரு பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, பக்கத்துப் புல்லில் பொத்தென்று விழுந்தது.

அந்த ஆண்டில் தென்கரை அடித்த முதல் அடி அதுதான்.

நீதி: முகம் கோணாதிருக்க விட்டுக்கொடுத்த வெற்றி, களத்தில் கைகொடுக்காது.